"தரை அடிச்சிடுச்சா?" – சிறு காயங்களின்போது குழந்தையிடம் பேசப்படும் தமிழ்

நடைபயிலும் குழந்தை எத்தனை முறை விழும்? நியூயார்க் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் அடால்ஃபும் அவர்தம் குழுவினரும் 2012ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஓர் எண் கிடைக்கிறது. 12 முதல் 19 மாதம் வரையிலான குழந்தைகள் தம் விருப்பம்போல் உலவி விளையாடுகையில், மணிக்குச் சராசரியாக 2,368 அடிகள் எடுத்துவைக்கின்றன. 17 முறை விழுகின்றன. இவ்வீழ்ச்சிகளில் பெரும்பாலானவை எவராலும் கவனிக்கப்படாமலே போகின்றன. கவனிக்கப்படும் சிலவற்றின்போது மட்டும் அருகிலிருக்கும் பெரியவர் வாய் திறக்கிறார். அப்போது அவர் பேசும் மொழி நாட்டுக்கு நாடு, மொழிக்கு மொழி வேறுபடுகின்றது; ஆயினும் ஒவ்வொரு மொழிக்குள்ளும் அது வியப்பூட்டுமளவுக்கு வரையறைப்பட்டுக் கிடக்கிறது. தமிழ்த் தாய் ஒருத்தி தன் குழந்தை தலையை இடித்துக்கொண்ட பொழுதில் கூறக்கூடியவை ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு தொடர்களே. அத்தொடர்களின் இலக்கணத்தையும், அவை குழந்தைக்கு எதனைக் கற்பிக்கின்றன என்பதையும், மொழிபெயர்ப்பாளர் அவற்றை எதிர்கொள்ளுங்கால் எழும் இடர்ப்பாட்டையும் இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. இங்குக் காட்டப்பெறும் தொடர்கள் தமிழ் வீடுகளில் பரவலாக வழங்குபவை. வட்டார ஒலிப்பு வேறுபாடுகளைப் பெரிதும் விடுத்து, பொதுப்பேச்சு வடிவில் அவை தரப்படுகின்றன.

முதலில் பெயர் பற்றி ஒரு சொல். 'மழலை' என்பது குழந்தை பேசும் மொழி. திருக்குறளின் மக்கட்பேறு அதிகாரம் போற்றுவது அதனையே. அங்குப் பெற்றோர் கேட்பவர். பெற்றோர் குழந்தையை நோக்கிப் பேசும் மொழிக்குத் தமிழில் நிலைபெற்ற பெயர் இல்லை. மழலையைப் பின்பற்றிப் பெரியோர் பேசுவதாகக் கருதி இதனையும் மழலைமொழி என்றே சிலர் வழங்குவர். அஃது இரு வேறு பொருள்களை ஒன்றாக்கிவிடும். ஆதலால் இங்கு 'வளர்ப்போர் மொழி' என்ற தொடர் ஆளப்படுகிறது.

வளர்ப்போர் மொழியை மொழியியலின் ஆய்வுப்பொருளாக ஆக்கியவர்களுள் சார்லஸ் ஃபெர்குசன் முதன்மையானவர். 1964இல் வெளிவந்த அவரது கட்டுரை சிரிய அரபு, மராத்தி, கொமாஞ்சி, கில்யக், ஆங்கிலம், ஸ்பானிஷ் ஆகிய ஆறு மொழிகளை ஒப்பிட்டது. உறவுப்பெயர், உடலுறுப்பு, உடலின் இயற்கைத் தேவைகள், விலங்கு, விளையாட்டு என ஒரு சில பொருட்புலங்களுக்குள்ளேயே இம்மொழியின் சொற்கள் அடங்குவதையும், அவற்றின் ஒலியமைப்பு எளிமைப்பட்டு இரட்டித்து வருவதையும் அவர் எடுத்துக்காட்டினார். அதே ஆண்டில் அசோக் கேள்கர் மராத்தி வளர்ப்போர் மொழியைத் தனியே விரிவாக ஆராய்ந்தார். அவ்வகையில் தமிழிலும் பாச்சி, இங்கா, புவ்வா, மம்மு, ஜோஜோ, மூச்சா, கக்கா முதலிய சொற்களைத் தொகுத்தல் எளிது. ஆனால் சொற்பட்டியலோடு நின்றுவிடின், காயத்தின்போது நிகழும் பேச்சின் சிறப்பு புலப்படாது. அச்சிறப்பு சொல்லில் பாதியும் தொடரில் பாதியுமாக உள்ளது.

உவ்வா

சொல்லை முதலில் நோக்குவோம். 'உவ்வா' என்பது புவ்வா என்பதோடு முதல் மெய்யொன்றாலேயே வேறுபடுவது. இரண்டிலும் இதழ் தொடர்புடைய வகரம் இரட்டித்து நிற்கிறது. இரண்டும் நெடில் ஆகாரத்தில் முடிகின்றன. குழந்தை முதன்முதலில் ஒலிக்கவல்ல ஒலிகளால் ஆனவை இவை. மலையாளத்தில் இதுவே 'உவ்வாவு' என வழங்குகிறது. மராத்தியில் 'பாஊ' என்பர். அச்சொல் பூச்சாண்டியையும் குறிக்கும். சிறு காயத்தையும் குறிக்கும். ஒன்றைப் பெரிதுபடுத்திக் கலங்குதலை 'பாஊ செய்தல்' என்று மராத்தியில் பெரியோர் தம்முள்ளேயே கூறிக்கொள்வர். தொட்டிலருகே வழங்கும் சொல்லொன்று முதியோர் மரபுத்தொடரிலும் இடம்பெற்றிருப்பது கருதத்தக்கது. தமிழில் உவ்வாவுக்கு அவ்வாறான பேறு வாய்க்கவில்லை; வளர்ந்தவரிடையே அது கேலியாக மட்டுமே வரும்.

உவ்வாவின் பொருட்பரப்பு மிக அகன்றது. வலி, வீக்கம், புண், காய்ச்சல், மருத்துவர் போடும் ஊசி, சில வேளைகளில் மருத்துவமனையே கூட உவ்வாவாகும். முதியோர் தமிழில் இவை தனித்தனிச் சொற்கள். ஒன்றுக்காக மற்றொன்றை ஆள முடியாது. இதனினும் முக்கியமானது அதன் சொல்வகை. உவ்வா பெயர்ச்சொல். முதியோர் தமிழில் வலியைச் சொல்ல இயல்பாக வருவதோ வினை: 'வலிக்கிறது'. இவ்வினை ஏற்கும் தொடரமைப்பு தமிழ் கற்கும் அயலார்க்குக் கடினமானது. 'எனக்குக் கை வலிக்கிறது' என்ற தொடரில் துன்பமுறுபவர் நான்காம் வேற்றுமையில் நிற்கிறார், கை எழுவாயாகிறது, வினைமுற்று அஃறிணை ஒருமைக்கு இயைகிறது. துன்பம் யாருக்கு, எங்கே என்னும் இரு செய்திகளும் இரு வேறு இடங்களைப் பெறுகின்றன. குழந்தையோ முதலில் இவ்விரண்டையும் பிரிப்பதில்லை. 'உவ்வா' என்று மட்டும் கூறும். அல்லது உறுப்பைத் தொட்டுக் காட்டும். அன்னை அதனைத் தொடராக விரித்துத் தருகிறாள்: "கையில உவ்வா ஆயிடுச்சா?" "பாப்பாவுக்கு எங்கே உவ்வா?" இவற்றில் வலி ஒரு பொருளாக, வருவதும் போவதுமாகிய ஒன்றாக நிற்கிறது. உவ்வா வரும், ஆகும், இருக்கும், போய்விடும். பின்னர் மெல்ல மெல்ல "வலிக்குதா?" என்ற வினா இடம்பெறத் தொடங்க, பெயர் பின்வாங்குகிறது.

'வலி' என்ற சொல்லுக்கே இவ்விடத்தில் ஒரு வரலாறு உண்டு. பழந்தமிழில் அதன் முதன்மைப் பொருள் ஆற்றல். திருக்குறளின் வலியறிதல் அதிகாரம் ஆற்றலை அறிதல் பற்றியது. துன்பவுணர்வைக் குறிக்கும் பழஞ்சொற்கள் நோ, நோய், நோதல் என்பன. இலங்கைத் தமிழில் இன்றும் 'நோகுது' என்பதே இயல்பு வழக்கு. தமிழகத்தின் வட மாவட்டங்களிலும் 'நோவுது' கேட்கலாம். ஆகவே ஒரு குழந்தை உவ்வாவிலிருந்து எவ்வினைக்கு மாறுகிறது என்பது அது பிறந்த மண்ணைப் பொறுத்தது. இம்மாற்றத்திற்குப் பின்னரே எரிதல், கடுத்தல், குத்துதல், குடைதல், உளைதல், தெறித்தல் என வலியின் வகைகளைப் பகுக்கும் வினைகள் ஒவ்வொன்றாக வந்து சேர்கின்றன. இவற்றுள் 'எரியுது' சற்று முன்னரே வந்துவிடுகிறது எனத் தோன்றுகிறது, சிராய்ப்பில் மருந்து தடவும் ஒவ்வொரு முறையும் "எரியுதா?" என்று கேட்காத தாய் அரியள்.

வலிச்சொல்லைக் குழந்தை எவ்வாறு கற்கிறது என்பது மெய்யியலிலும் ஒரு வினாவாக இருந்துள்ளது. லூட்விக் விட்கென்ஸ்டைனின் மறைவுக்குப்பின் 1953இல் வெளிவந்த 'மெய்யியல் ஆய்வுகள்' என்னும் நூலின் 244ஆம் பத்தி இதனையே எடுத்துக்கொள்கிறது. காயம்பட்டு அழும் குழந்தையிடம் பெரியோர் பேசி, முதலில் வியப்பிடைச்சொற்களையும் பின்னர் வாக்கியங்களையும் கற்பிக்கின்றனர். இவ்வாறு புதியதொரு வலி நடத்தை கற்பிக்கப்படுகிறது. வலியின் சொல் அழுகையை விவரிப்பதன்று, அழுகையின் இடத்தில் வந்து அமர்வது என்பது அவர் கருத்து. அவர் எண்ணிய காட்சி எம்மொழி வீட்டிலும் நிகழ்வது. தமிழ் வீட்டில் அவ்விடைச்சொல் 'அச்சோ', 'அச்சச்சோ', 'ஐயோ' என்பன.

அச்சோ என்பதைப் பற்றிச் சற்றே விலகிக் கூறுதல் தகும். பெரியாழ்வார் திருமொழியில் 'அச்சோ' கண்ணனை அணைத்துக்கொள்ள வருமாறு அழைக்கும் சொல். மாணிக்கவாசகரின் அச்சோப் பதிகத்தில் அது தாம் பெற்ற பேற்றை எண்ணி எழும் வியப்பு. இன்றைய வீட்டில் அது இரக்கமும் பதற்றமும் கலந்த குரல். ஆனால் விழுந்த குழந்தையை நோக்கி "அச்சோ!" என்று கூவியபடியே கைகளை நீட்டும் தாயிடம் பழைய அணைப்புப் பொருள் முற்றிலும் நீங்கிவிட்டதாகச் சொல்லிவிட முடியாது.

தரையின் குற்றம்

இனித் தொடர்களுக்கு வருவோம். தமிழ் வளர்ப்போர் மொழியின் மிகச் சுவையான பகுதி இதுவே.

முதியோர் ஒருவர் கதவில் மோதிக்கொண்டால் தமிழ் அதனை எவ்வாறு சொல்லும்? 'தலையில் அடிபட்டது', 'கதவில் இடித்துக்கொண்டார்' என இரு வகையாகச் சொல்லும். முதலாவதில் செய்தவர் எவருமில்லை. 'படு' என்ற வினை நிகழ்ச்சியைத் துன்பமாக மட்டும் காட்டுகிறது. ('அடி வாங்கினார்' என்றால் பொருள் முற்றிலும் வேறு, அங்கு அடித்தவர் ஒருவர் இருந்தே ஆகவேண்டும்.) இரண்டாவதில் 'கொள்' என்ற துணைவினை வினைப்பயனைச் செய்தவரிடமே திருப்பிவிடுகிறது. கதவு இரண்டிலுமே குற்றமற்றது, வெறும் இடம், ஏழாம் வேற்றுமையோடு நின்றுவிடுவது.

அதே கதவில் ஒன்றரை வயதுக் குழந்தை மோதிக்கொண்டால் தொடர் தலைகீழாகிறது. "கதவு இடிச்சிடுச்சா?" "தரை அடிச்சிடுச்சா?" "நாற்காலி தள்ளிவிட்டுடுச்சா?" இடமாக இருந்தது எழுவாயாகிறது, எழுவாயாக இருந்திருக்கவேண்டிய குழந்தை செயப்படுபொருளாகிறது. கு. பரமசிவம் தமிழ் வினைகளை இயங்குவினை, இயக்குவினை எனப் பகுத்து விளக்கியதை இங்கு நினைவுகூரலாம். 'விழு' இயங்குவினை, 'தள்ளு', 'அடி' என்பன இன்னொன்றைத் தாக்கும் வினைகள். நேர்ந்தது இயங்குவினைக்குரிய நிகழ்ச்சி; அன்னை கூறுவதோ தாக்கும் வினை. தமிழ்க்குழந்தை 'ஒருவர் மற்றொருவரைச் செய்தார்' என்ற தொடரமைப்பைப் பல வழிகளில் கேட்கிறது. அவற்றுள் தன் உடலிலேயே விளைவு எரிந்துகொண்டிருக்கும்போது கேட்பது இந்த ஒன்றே. அவ்வமைப்பு மனத்தில் பதிதற்கு இதனினும் ஏற்ற பொழுது இருக்குமா என்பது ஐயமே.

அடுத்து விசாரணை. அன்னை தரையை நோக்கித் திரும்புகிறாள். "ஏய் தரை! ஏன் எங்க பாப்பாவை அடிச்சே?" பின்னர்த் தண்டனை: "இந்தா, அடி! நல்லா அடி!" குழந்தையின் கையைப் பிடித்துத் தரையைத் தட்டச் செய்வதும் உண்டு. பின்னர் வாக்குறுதி: "இனிமே அடிக்க மாட்டேன்னு சொல்லிடுச்சு." சிறியதொரு வழக்கு மன்றம் அரை நிமிடத்தில் கூடிக் கலைந்துவிடுகிறது. இதனுள் திணை இலக்கணம் நுட்பமாகப் பேணப்படுவதைக் காணலாம். தரையைப் பற்றிப் பேசும்போது வினைமுற்று அஃறிணையே: அடிச்சிடுச்சு, சொல்லிடுச்சு. 'அடிச்சிட்டான்' என்று எந்தத் தாயும் தரையைக் கூறுவதில்லை. தரையோடு பேசும்போது மட்டும் அது முன்னிலையாகிறது. முன்னிலை தமிழில் விரவுத்திணை, இரு திணைக்கும் பொது. ஆதலால் தரையை உயர்திணையாக்காமலே அதனைக் கேள்வி கேட்க இலக்கணம் இடந்தருகிறது. கேளாதவற்றைக் கேட்பன போலவும், பேசாதவற்றைப் பேசுவன போலவும், செயலற்றவற்றைச் செய்வன போலவும் கூறுதலை நன்னூலார் வழுவமைதியாக ஏற்றுக்கொண்டது செய்யுள் வழக்கை எண்ணி என்பர். அவர் வகுத்தவற்றில் பெரும்பகுதி ஒரே இடத்தில் கூடிவரும் உலக வழக்கு வேண்டுமாயின், விழுந்த குழந்தையின் அருகே சென்று நிற்கலாம்.

தரையை அடிக்கும் வழக்கம் தமிழர்க்கு மட்டும் உரியதன்று. இந்தியாவின் பல மொழியினரிடையே அது காணப்படுகிறது. குழந்தை வளர்ப்புப் பற்றி எழுதுவோர் சிலர் இதனைக் கடிகின்றனர். பழிவாங்கலையும் தன் பிழையைப் பிறர்மேல் ஏற்றுதலையும் இது கற்பிக்கும் என்பது அவர்கள் வாதம். இதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அவ்வாதத்தை முன்வைப்போர் இவ்வழக்கு நீடிக்கும் காலத்தைக் கணக்கில் கொள்வதாகத் தெரியவில்லை. தரை குற்றவாளியாக இருக்கும் பருவம் மிகக் குறுகியது. ஓரிரு ஆண்டுகளில் குற்றம் இடம் மாறிவிடுகிறது.

இம்மாற்றத்தைத் துணைவினைகளில் தெளிவாகப் பின்தொடரலாம். ஒன்றரை வயதில் "தரை அடிச்சிடுச்சா?" இரண்டு, இரண்டரை வயதில் "விழுந்துட்டியா?" இங்கு 'விடு' வெறும் முடிவைக் குறிப்பதோடு இரக்கத்தையும் ஏந்துகிறது. நான்கு வயதில் "விழுந்து வச்சியா?" ஐந்து வயதில், தாயின் அன்றைய வேலைப்பளுவையும் பொறுத்து, "விழுந்து தொலைச்சியா?" 'வை', 'தொலை' போன்ற துணைவினைகள் பேசுவோரின் மனப்பாங்கைக் காட்டுவன என்பதைத் தமிழ்த் துணைவினைகளை ஆராய்ந்த அறிஞர் பலரும் விளக்கியுள்ளனர். நிகழ்ச்சி ஒன்றே, முழங்காலும் ஒன்றே, ஆண்டு ஏற ஏறத் துணைவினை கடுமையாகிறது. "பார்த்து வரக்கூடாதா?" "ஓடாதேன்னு சொன்னேனா இல்லையா?" "நல்லா வேணும்" என்பன தொடர்ந்து வருகின்றன. குழந்தைப்பருவம் முடிந்து பிள்ளைப்பருவம் தொடங்குவதற்கு ஒரு மொழியியல் எல்லைக்கோடு வேண்டுமெனில், எழுவாய்ப் பொறுப்பு தரையிடமிருந்து குழந்தையிடம் வந்து சேரும் நாளைக் குறிக்கலாம். பிள்ளைத்தமிழ் வகுத்த பத்துப் பருவங்களில் விழுதற்கென ஒரு பருவம் இல்லை. தெய்வக் குழந்தைகளும் அரசக் குழந்தைகளும் பாட்டுடைத் தலைவராக இருக்கையில் அதனை எதிர்பார்த்தலும் முறையன்று.

ஒன்றுமில்லை, போச்சு

குழந்தை விழுந்தவுடன் அழுவதில்லை. ஒரு கணம் தாயின் முகத்தைப் பார்க்கிறது. இதனைக் கண்டிராத பெற்றோர் இலர். இப்பார்வையின் ஆற்றலை 1985இல் வெளிவந்த சோர்ஸ், எம்டி, கேம்போஸ், கிளின்னர்ட் ஆகியோரின் சோதனை அளந்து காட்டியது. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மூடிய பள்ளத்தின் விளிம்பில் விட்டு, எதிரே தாயை நிறுத்தினர். தாய் மகிழ்முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 கடந்து சென்றன. அச்ச முகம் காட்டியபோது 17இல் ஒன்றுகூடக் கடக்கவில்லை. விழுந்த குழந்தையின் அக்கணப் பார்வைக்குத் தாய் தரும் விடையே அழுகை எழுவதையும் எழாமையையும் பெரும்பாலும் தீர்மானிக்கிறது எனலாம். அந்த இடைவெளியில் வருவதே "ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை".

இத்தொடர் எதனை மறுக்கிறது? 'வலிக்கவில்லை' என்று அது கூறவில்லை. 'இல்லை' என்பது இருப்பை மறுப்பது. எது இல்லை என்று சொல்லாமலே 'ஒன்றும்' என முற்றும்மை அனைத்தையும் துடைத்துவிடுகிறது. சொற்பொருளினும் இங்கு ஓசையே முதன்மை பெறுகிறது. ஆறுதல் கூறும் வளர்ப்போர் குரல் தாழ்ந்து மெதுவாக இறங்கிச் செல்வது என்பதைப் பல மொழிகளில் ஆராய்ந்தவர் ஆன் ஃபெர்னால்டு. 'ஒண்ணுமில்லை' முதுகில் தட்டும் கையின் தாளத்திற்கேற்ப இரட்டித்தும் மும்மடங்காகியும் வருகிறது.

இந்தியில் இதே இடத்தில் வேறோர் உத்தி கையாளப்படுகிறது. குழந்தை விழுந்ததும் 'ஐயோ, எறும்பு செத்துப்போயிற்று' என்பர். அழத் தொடங்கிய குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு எறும்பைத் தேடும். தமிழின் தரை குழந்தையை அடித்தது. இந்தியின் எறும்பையோ குழந்தை கொன்றுவிட்டது. ஒன்றில் குழந்தை வாதி, மற்றொன்றில் பிரதிவாதி. இரண்டும் அழுகையை நிறுத்துகின்றன.

'போச்சு' என்ற முற்றும் தனியே கருதத்தக்கது. ஊதிவிட்டு, நீவிவிட்டு, "போச்சு! உவ்வா போச்சு!" என்று கையை விரித்துக் காட்டுவர். வலி இன்னும் போகவில்லை, போகப்போவது. எதிர்காலத்தை இறந்தகாலத்தால் கூறுதலை விரைவு, மிகுதி, தெளிவு என்னும் காரணங்களால் நம் இலக்கணிகள் காலவழுவமைதியாக அமைத்துக்கொண்டனர். உணவு கொள்ளப் புறப்படாதவன் 'வந்துவிட்டேன்' என்பது விரைவு. அன்னையின் 'போச்சு' எதன்பாற்படும்? தெளிவு என்று கூறத் தோன்றும்; ஆனால் வலி போகும் என்ற தெளிவு அவளுக்கு உண்டோ இல்லையோ, சொல்லியே அத்தெளிவை அவள் உண்டாக்குகிறாள். நடந்ததை அறிவிக்கும் கூற்றன்று இது. சொல்லும்போதே ஒன்றை நிகழ்த்தும் கூற்று. மருந்தும் சொல்லும் இங்குப் பிரிவதில்லை. முந்தானையைச் சுருட்டி வாயால் வெப்பக் காற்றை ஊதி வீங்கிய இடத்தில் ஒத்தடம் கொடுப்பதும், உதடு கிழிந்தால் சிறிது சர்க்கரை வைப்பதும் இச்சொற்களின்றி நடைபெறுவதில்லை.

அப்போது வரும் மற்றொரு தொடர், "அம்மா ஊதி விடுறேன்". எழுவாய் படர்க்கைப் பெயர், வினைமுற்று தன்மை. முதியோர் உரைநடையில் வழுவாகத் தோன்றும் இத்தொடர் வளர்ப்போர் மொழியில் முற்றிலும் இயல்பானது. யார் பேசுகிறார் என்பதையும் அவர் குழந்தைக்கு யார் என்பதையும் ஒருங்கே அது கூறிவிடுகிறது.

மொழிபெயர்ப்பில்

இத்தொடர்களை வேற்றுமொழிக்கோ வேற்றுமொழியினின்றோ பெயர்ப்போர்க்குச் சொல்லுக்குச் சொல் என்ற வழி அடைபட்டே இருக்கும். ஆங்கிலக் கதைகளில் காயத்திற்கு முத்தமிட்டு ஆற்றும் வழக்கம் வரும். 'முத்தம் கொடுத்தால் சரியாகிவிடும்' என்று தமிழில் எழுதினால் பொருள் விளங்கும். ஆனால் தமிழ்த் தாய் ஊதுபவள். ஸ்பானிய மொழியினர் தவளையின் வாலை விளித்து, காயம் ஆறும்படி ஓதும் மந்திரம் போன்ற ஒரு சிறு பாட்டைச் சொல்வர். ஜப்பானியர் வலியையே விளித்துப் பறந்து போகுமாறு பணித்து, கையால் அதனை வீசி எறிவர். இவற்றை அடிக்குறிப்போடு அப்படியே தருவதா, 'உவ்வா போச்சு' என்று மாற்றிவிடுவதா? புனைகதையில் அயற்பண்பாட்டின் மணத்தைக் காக்கும் நோக்கில் தவளை வாலை விட்டுவைத்தல் நன்று என்பது என் கருத்து. குழந்தைகளுக்கே படித்துக்காட்டும் நூலாயின் ஊதிவிடுதலே பொருந்தும். படிக்கும் தாய் எப்படியும் அதைத்தான் செய்வாள். தமிழ்க் கதையைப் பிறமொழிக்குப் பெயர்க்கும்போது, தரையை அடிக்கும் தாயைக் கோபக்காரியாகக் காட்டிவிடாதிருக்கக் கவனம் வேண்டும். 'ஏய் தரை' என்பதில் சினத்தின் சொல் உண்டு, குரல் விளையாட்டினுடையது.

கதையில் பிழைத்தால் சுவை கெடும். மருத்துவமனையில் பிழைத்தால் குழந்தை வலியோடு கிடக்கும். குழந்தைகளின் வலியை அளக்க 1983இல் டோனா வாங், கோனி பேக்கர் என்போர் ஓர் அளவுகோலைத் தொடங்கிவைத்தனர். சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை ஆறு முகங்கள்; சுழியத்திலிருந்து பத்து வரை மதிப்பெண்கள்; மூன்று வயதுக்கு மேற்பட்ட குழந்தை தன் வலிக்கேற்ற முகத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். ஒவ்வொரு முகத்தின் கீழும் வலியின் அளவைக் கூறும் ஒரு சிறு தொடர் உண்டு. இவற்றைத் தமிழில் பெயர்ப்பவர் 'வலி இல்லை', 'மிதமான வலி', 'கடுமையான வலி' என்று எழுதினால் மொழிபெயர்ப்பு சரி. ஆனால் கேட்பது மூன்று வயதுக் குழந்தை. அதன் சொற்களஞ்சியத்தில் மிதம் இல்லை, கடுமையும் இல்லை. குட்டி உவ்வாவும் பெரிய உவ்வாவும் உண்டு. 'ரொம்ப வலிக்குது' உண்டு. பெயர்ச்சொல்லாகக் கேட்பதா, வினையாகக் கேட்பதா என்பதும் வயதைப் பொறுத்து முடிவுசெய்ய வேண்டியதாகும்.

வலி பற்றிய ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் 1979இல் வெளியிட்ட வரையறையின் குறிப்புரை, வலி என்ற சொல்லின் பயன்பாட்டை ஒவ்வொருவரும் இளமையில் நேரும் காயங்களின் வழியே கற்றுக்கொள்கின்றனர் என்று கூறியது. 2020இல் திருத்தப்பெற்ற வரையறை அதனைச் சற்று விரித்து, வாழ்க்கை அனுபவங்களின் வழியே வலி என்னும் கருத்து கற்கப்படுகிறது என்றது. சொல்லால் கூற இயலாமை வலி இன்மைக்குச் சான்றாகாது என்பதையும் உடன் சேர்த்தது. இவ்வரையறையைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்தால், தமிழ்க் குழந்தை அச்சொல்லைக் கற்ற பொழுதுகள் தோறும் 'ஒண்ணுமில்லை' என்பதும் உடன் கற்பிக்கப்பட்டிருப்பது விளங்கும். தாய் மடியில் அமர்ந்திருக்கும் குழந்தையிடம் செவிலியர் "வலிக்குதா?" என்று கேட்கும்போது, குழந்தை வாய் திறப்பதற்குள் தாய் முந்திக்கொண்டு "ஒண்ணுமில்லைன்னு சொல்லு" என்பது இயல்பு. தாயின் எண்ணம் ஆறுதல். தாளில் பதிவாவது சுழியம். ஆகவே இத்தகைய வினாத்தாளைத் தமிழாக்குவோர் குழந்தைக்கான தொடர்களோடு நின்றுவிடாமல், பெற்றோருக்கான குறிப்பிலும் ஒரு வரி சேர்த்தல் வேண்டும்: குழந்தை விடை சொல்லும்வரை ஆறுதல் கூறாதிருங்கள்; "எங்கே உவ்வா, காட்டு" என்று மட்டும் கேளுங்கள்.